எலிக்கூடைப் பழம்

ஜப்பானில் இருந்து என் பேராசிரியரை எங்கள் ஊருக்கு நானே கூட்டிக்கொண்டு வருவேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன். 2007 ஆடி மாதம் அது நடந்தது. அவர் வந்தது சுருளி அருவியைப் பார்க்க அல்ல. நான் ஏமாற்றுக்காரியா இல்லையா என்று பார்க்க வந்தார்.

எனக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. என் அப்பா வயலில் துருப்பிடித்த கம்பியை மிதித்தார். நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். "நஞ்சு ரத்தத்துல ஏறிருச்சு" என்றார்கள் ஊரில். பிற்பாடு படித்தபோதுதான் அதற்கு செப்சிஸ் என்று பெயர் தெரிந்தது. எங்கோ நுழைந்த கிருமி ரத்தத்தில் பரவுகிறது. அதை எதிர்க்கும் ஆவேசத்தில் உடம்பு தன் உறுப்புகளையே அடித்துப் போடுகிறது. அந்த அடியில் சீக்கிரம் தளர்ந்துவிடுகிற ஒன்று இதயம். "ஹார்ட் தாங்கலம்மா" என்று டாக்டர் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்தபோது, கம்பம் பன்னீர் திராட்சையின் தோலில் இருந்து சாறெடுத்துப் பொடியாக்கினேன். திராட்சை, என் தாய்மாமன் முருகேசன் மாமாவின் சுருளிப்பட்டித் தோட்டத்தில் விளைந்தது. அந்தப் பொடியோடுதான் ஜப்பான் போனேன். செப்சிஸ் வந்த எலிகளுக்கு அதைக் கொடுத்தோம். கொடுக்காத எலிகளின் இதயம் துவண்டது, கொடுத்த எலிகளின் இதயம் தாக்குப்பிடித்தது. ஆய்வகமே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

முதல் பொடி தீர்ந்தது. மாமாவிடம் இன்னொரு தடவை பழம் வாங்கி, அதே கல்லூரியில், அதே முறையில் பொடி செய்து வரவழைத்தோம். எலிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால், இதயத்தைக் காத்தது என்று நாங்கள் நம்பியிருந்த ரெஸ்வெராட்ரால் என்ற பொருள், முதல் பொடியில் இருந்ததில் ஒரு துளிதான் இருந்தது. ஆய்வகக் கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "முதல் பொடியில் கடையில் கிடைக்கும் சுத்தமான பொருளை யாராவது கலந்திருக்க வாய்ப்பு உண்டா?" முதல் பொடியைத் தயாரித்தது நான் ஒருத்திதான். அந்த 'யாராவது' யார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

பேராசிரியர் நகானோ அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, என் தோள் உயரம், எப்போதும் கையில் ஒரு சின்ன நோட்டு. "நான் கொடியைப் பார்க்க வேண்டும்" என்றார். காரணம் கிடைத்தால் ஆய்வு தொடரும். கிடைக்காவிட்டால் முதல் முடிவுகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு எனக்கு எந்த ஆய்வகமும் கதவு திறக்காது.

வீட்டுக்கு போன் போட்டு நான் சொன்னது வேறு. "எங்க டாக்டரம்மா நம்ம திராட்சயப் பாத்து அசந்துபோயி, நேர்ல பாக்க வாராக" என்றேன். என்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மதுரையில் இருந்து போடி போகும் மீட்டர் கேஜ் ரயிலில் தேனி வரை வந்தோம். டாக்சி பிடித்திருக்கலாம். ஆனால் ஆண்டிபட்டிக் கணவாயை ரயிலில்தான் தாண்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். ரயில் கிளம்பவே இல்லை. நகானோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை நிமிடம் தாமதம் என்று கேட்டார். எதிரே வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தவருக்கு அதை மொழிபெயர்த்தேன்.

"தாமதமா? கெளம்புனாத்தானத்தா தாமதமான்னு தெரியும்" என்றார் அவர்.

நகானோ அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய ஊரில் ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் ரயில் உசிலம்பட்டிக்கு முன்னால் காரணமே சொல்லாமல் முக்கால் மணி நேரம் நின்றது. அதற்குள் வாழைத்தார்க்காரர் ஒரு சீப்பை எங்களுக்குக் கொடுத்திருந்தார். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி நகானோவின் கையில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வர வர அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். பெட்டியே கைதட்டியது. கணவாய் தாண்டி மலைகள் இரண்டு பக்கமும் விலகியபோது, நான்தான் அவற்றைக் கட்டி நிறுத்தியவள் மாதிரி கையை நீட்டிக் காட்டினேன்.

மறுநாள் தேனியில் இருந்து கம்பம் பஸ். சின்னமனூர் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் இறங்கி புளியமரத்தடியில் நின்றோம். குமுளிக்குப் போகிற இரண்டு ஏலக்காய் வியாபாரிகள் நகானோவைப் பார்த்து மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். "இந்த அம்மா நேபாளமாக இருக்கும்" என்றார் ஒருவர். "இல்லை, மணிப்பூர். நடை அப்படித்தான் இருக்கிறது" என்றார் மற்றவர். நடையை வைத்து ஊர் சொல்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். ஜப்பான் என்று தமிழில் சொன்னேன். உடனே இருவரும் தமிழுக்கு மாறி, அங்கே ஏலக்காய்க்கு என்ன கிராக்கி என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல்கள். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது. நகானோ வரப்பில் இறங்கிக் குனிந்து பயிரைத் தொட்டார். "என் அப்பாவும் நெல் விவசாயிதான்" என்றார். மூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அதை அன்றுதான் சொன்னார்.

மாமா வீட்டில் அத்தை கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல் சமைத்திருந்தார். கறிக் குழம்பு, கோழி வறுவல், நெய்ச் சோறு. நகானோ எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டார். ஆனால் மூக்கு மட்டும் அடுப்பங்கரைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அத்தை தங்களுக்கென்று மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியைக் கதவுக்குப் பின்னால் மறைத்திருந்தார்.

"ஐயய்யோ, அத எப்பிடி விருந்தாளிக்கு ஊத்துறது? நாத்தம் புடிச்சதுன்னு நெனைக்க மாட்டாகளா?" என்றார் அத்தை.

கருவாடு தின்று வளர்ந்த நாடு அத்தை அது என்றேன். சட்டி வெளியே வந்தது. நகானோ மூன்று தடவை ஊற்றச் சொன்னார். கறிக் குழம்பு அப்படியே இருந்தது.

தோட்டம் சாலையை ஒட்டி இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்ந்த பந்தல். தலைக்கு மேலே கறுத்த குலைகள் தொங்கும். சாலையோர முதல் வரிசைதான் விவசாயம் பார்க்கிற சம்சாரியின் முகம் என்பார்கள் இங்கே. பஸ்ஸில் போகிறவன் அதைப் பார்த்துத்தான் தோட்டக்காரனை எடைபோடுவான். மாமாவின் முதல் வரிசையில் ஒரு பழத்தில் ஒரு புள்ளி இருக்காது. மேலே சாம்பல் படிந்தாற்போல் ஒரு மெழுகுப் பூச்சு, அதைக்கூட யாரும் விரலால் தொடக் கூடாது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தூண் பக்கத்தில் கல்யாண வீட்டு மாமனார் மாதிரி நின்றார்.

நகானோ எதையும் விடவில்லை. கொடியைக் கவாத்து வெட்டியது எப்போது, மருந்து எப்போது, தண்ணீர் எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் கேட்டார்: "இரண்டு தடவையும் எந்தப் பழத்தைக் கொடுத்தீர்கள்?"

"ரெண்டு தடவையும் இந்த மொத வரிசதான். நம்பர் ஒன். வேற பழத்தக் குடுப்பமா?" என்றார் மாமா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "இளநி வெட்டியாச்சா?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அதே தோட்டம், அதே கொடி, அதே வரிசை என்றால் மிஞ்சுவது ஒரே வித்தியாசம்தான். முதல் பொடியைச் செய்த நான். நகானோ நோட்டை மூடிப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் காலையில் சாரல் பிடித்துக்கொண்டது. கேரளத்து மலையில் பெய்கிற மழை, காற்றில் சிதறி எங்கள் பக்கம் வந்து விழுவதுதான் சாரல். உடம்புக்குச் சுகம், திராட்சைக்கு ஆகாது. பழம் வெடிக்கும். இலையில் செவட்டை நோய் விழும், பூசணம் படரும். தோட்டத்துக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெட்டி வந்த குலைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். குலையை ஒரு கையில் பிடித்து, சின்னக் கத்தரியால் வெடித்த பழம், புள்ளி விழுந்த பழம் எல்லாவற்றையும் நறுக்கி எடுத்து, நல்ல குலையை மட்டும் பெட்டியில் அடுக்க வேண்டும். அந்தப் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி பவுன்தாய். வாய் ஓயாத ஆள், கை அதைவிட ஓயாது.

நகானோ தானும் ஒரு கத்தரி கேட்டு வாங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பவுன்தாய் அசந்துபோனார்.

"ஏத்தா ஜெயா, இந்தம்மா டாக்டரா, இல்ல அங்கன திராட்சக் கொட்டகையில வேல பாத்தாகளா? கை நம்மளக் கணக்கா ஓடுதே!"

நகானோ நறுக்கிய பழங்களைக் கூடையில் போடாமல் ஒரு தாளில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே ஒன்றை வாயில் போட்டார். பவுன்தாய் பதறிவிட்டார்.

"அதத் திங்க வேணாம்னு சொல்லுத்தா. எலிக்கூடையில போடச் சொல்லு."

"எலிக்கூடையா? அது என்ன?"

"இந்தா, கழிச்சதப் போடுற கூட. முன்ன ஆட்டுக்குப் போடுறதால ஆட்டுக்கூடைன்னு சொல்லுவோம். ஒங்க மாமாதான் ஒருக்கா வந்து, நம்ம ஜெயா மதுரையில எலிக்குக் குடுத்துப் பாக்கப் பழம் கேக்குது, எலிக்கு எதுக்கு விக்கிற பழம், கழிச்சதுல கொஞ்சம் கட்டுங்கன்னாக. அன்னையிலருந்து இது எலிக்கூடைதான்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "அப்ப ரெண்டாவது தடவ?"

"அதக் கேளு! ஜப்பானுக்குப் போகுது, நம்ம பழத்தப் பத்தி அங்கன பேசுறாகன்னு சொல்லி, மொத வரிசையில ஒண்ணு ஒண்ணாப் பொறுக்க வச்சாக. மேல் பூச்சுல வெரலு படாமக் காம்ப மட்டும் புடிச்சு அடுக்குனோம். எங்க கை ரெண்டு நாளு தூக்க முடியல."

கொடியால் ஓட முடியாது. பூசணம் தொட்டால், மழையில் தோல் வெடித்தால், நின்ற இடத்திலேயே அது தனக்கு மருந்து தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்துதான் நாங்கள் தேடிய ரெஸ்வெராட்ரால். இதைப் பாடப் புத்தகத்தில் படித்து, அடிக்கோடும் போட்டவள் நான். ஒரு காயமும் படாத பழத்துக்கு அந்த மருந்து எதற்கு? முதல் தடவை என் எலிகளைக் காப்பாற்றியது மாமா வேண்டாம் என்று கழித்த பழம். இரண்டாம் தடவை மாமா பாசத்தைக் கொட்டி அனுப்பினார், எலிகள் செத்தன. சந்தோஷத்தில் எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. அதே நேரத்தில் மாமாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

நகானோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிட்டேன். நான் சொன்னால், மாட்டிக்கொண்டவள் கடைசி நேரத்தில் கட்டிய கதையாகத்தான் இருக்கும். மாமாதான் சொல்ல வேண்டும்.

மாமா மோட்டார் ரூமில் இருந்தார். நான் போன வேகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பவுனு சொல்லிட்டாளாக்கும்" என்றார்.

"ஏன் மாமா பொய் சொன்னீக?"

"எலிக்குன்னு நீதானத்தா கேட்ட? எலிக்கு நான் மொத வரிசையவா வெட்டித் தருவேன்?"

"அதச் சொல்ல வேண்டியதுதானே!"

"எப்பிடிச் சொல்லச் சொல்ற? அந்தம்மா கடல் தாண்டி வந்திருக்காக. அவுக முன்னால நின்னு, எம் மருமகளுக்குக் கழிவக் கட்டிக் குடுத்தேன்னு சொல்லவா? நாலு பேரு கேட்டா என் மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்க மூஞ்சி தப்பிக்கும். என் மூஞ்சி? அவுக பழத்தப் பாக்க வரல மாமா. நான் பொடியில கலப்படம் பண்ணுனேனான்னு பாக்க வந்திருக்காக. நீங்க சொல்லலேன்னா நான் கள்ளி. என் படிப்பு இத்தோட முடிஞ்சது."

மாமா கை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் கொட்டுவது குறைந்து குறைந்து நின்றது.

"ஒன்னயா? கள்ளிங்கறாகளா?" என்றார். "மொதல்லயே ஏந்த்தா சொல்லல? திராட்சயப் பாத்து அசந்துபோயி வாராகன்னு சொன்ன?"

அவர் கழிவுப் பழத்தை மறைத்தார், நான் சந்தேகத்தை மறைத்தேன். இரண்டு பேரும் ஒரே ரத்தம்தான்.

மாமா வீட்டுக்குப் போய்க் குளித்தார். சலவைச் சட்டை போட்டார். வராந்தாவில் நாற்காலியில் இருந்த நகானோ முன்னால் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். "நான் சொல்லச் சொல்ல ஒரு சொல்லு விடாமச் சொல்லணும். எனக்காக எதையும் இனிச்சுச் சொல்லாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். முதல் தடவை கழிவுப் பழம், எலிக்கு என்பதால். இரண்டாம் தடவை முதல் வரிசை, ஜப்பானுக்கு என்பதால். நேற்று சொன்னது பொய், வெட்கப்பட்டு. "எம் மருமக மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேல" என்று முடித்தார். ஒரு சொல் விடாமல் நானும் சொல்லி முடித்தேன்.

நகானோ முதலில் கேட்டது ஒரு விஞ்ஞானியின் கேள்வி. அந்தக் கழிவில் என்ன மாதிரிக் காயம் இருந்தது?

"சாரல்ல வெடிச்சது, செவட்ட விழுந்த கொடியில காச்சது, காத்துல கம்பியில ஒரசுனது. முழுசா அழுகுனது இல்ல. அழுகுனத ஆடுகூடத் திங்காது. அடிபட்டும் கெடாம நிண்ட பழம்."

அதை எழுதிவிட்டு நகானோ எழுந்தார். மாமாவுக்கு எதிரே நின்று, இடுப்பு வரை வளைந்து வணங்கினார். நிமிரவே நேரமாயிற்று. மாமா திகைத்துப்போய் என் பக்கம் சாய்ந்தார்.

"என்னத்தா, அந்தம்மா எதையும் கீழ போட்டுட்டாகளா?"

மரியாதை மாமா என்றேன். உடனே அவரும் கையைக் கூப்பினார், எதற்கென்று தெரியாமலே.

"எங்கள் ஊரிலும் மரியாதைக்குரியவருக்குப் பழம் கொடுத்தால் அதில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது" என்றார் நகானோ. "உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன். நேற்று பொய்யும் சொல்லியிருப்பேன்." பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "கருவாட்டுக் குழம்பைக்கூட நீங்கள் ஒளித்துத்தானே வைத்தீர்கள்." அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாய்ப்பேச்சு ஆய்வகக் கூட்டத்துக்குப் போதாது. நகானோவின் கண் முன்னால் இரண்டு கூடை நிரப்பினோம். ஒன்றில் முதல் வரிசை, இன்னொன்றில் எலிக்கூடைப் பழம். துணி போட்டுக் கட்டி, முடிச்சின்மேல் தாள் ஒட்டி அவர் கையெழுத்துப் போட்டார். மாமா தானும் மதுரைக்கு வருவேன் என்று நின்றார். ஏற்பாடு செய்திருந்த ஜீப் உத்தமபாளையத்தில் புகைவிட்டு நின்றுவிட்டது. அங்கிருந்து பஸ்தான்.

நல்ல பழக்கூடையை நான் மேலே வைத்தேன். எலிக்கூடையை மாமா மடியிலேயே வைத்துக்கொண்டார். சாறு கசிந்து சலவைச் சட்டையில் ஊதா நிறமாக இறங்கியது. கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"கெட்டுப்போன பழத்த மதுரைக்குக் கொண்டுபோறீகளே அண்ணாச்சி, அங்கன கெட்ட பழத்துக்கா பஞ்சம்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. தேனியில் பஸ் நின்றபோது இன்னும் மோசம். மாமாவிடம் வருடக்கணக்காகப் பழம் எடுக்கிற வியாபாரி ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன முருகேசா, கழிவ மடியில தூக்கி வச்சுக்கிட்டு எங்கன போற? மொத வரிச எல்லாம் போச்சா?"

இரண்டு நாளைக்கு முன்னால் என்றால் மாமா கூடையைக் காலுக்கடியில் தள்ளியிருப்பார். அன்று அசையவில்லை. "மருந்துக்குக் கொண்டுபோறேன். நெஞ்சுக்கு" என்றார். வியாபாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மனிதரின் மருமகள் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம் வந்தது.

மதுரைக் கல்லூரியில் இரண்டு நாள் வேலை. நான் எதையும் தொடக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். தோலை உரித்தது, சாறெடுத்தது, இயந்திரத்தில் ஏற்றியது எல்லாம் கல்லூரிக்காரர்களும் நகானோவும்தான். நானும் மாமாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கல்லூரி கேன்டீனின் தண்ணி டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த டீயை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு கிளாசுக்கும் மாமா சொன்னார். சொல்லிவிட்டு முழுவதும் குடித்தார்.

இரண்டாம் நாள் பிற்பகல் நகானோ எங்களை உள்ளே கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்றில் கோடு தரையோடு தரையாகப் போய், ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருந்தது. இன்னொன்றில் அதே இடத்தில் கோடு செங்குத்தாக ஏறி இறங்கியது. ஜப்பானில் இருந்து கொண்டுவந்த முதல் பொடியின் தாளை நகானோ அதன் பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே வடிவம்.

"எது நம்ம எலிக்கூட?" என்றார் மாமா.

உயரமாக ஏறியிருந்ததைக் காட்டினேன். அவர் விரலால் அதன் அடியில் இருந்து நுனி வரை தடவினார். பிறகு, என் அப்பாவை நினைத்து, என்னிடம் மட்டும் கேட்டார். "இது அன்னைக்கு இருந்திருந்தா மச்சான் பொழச்சிருப்பாகளா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "தெரியாது மாமா. இது இன்னும் எலிக்குத்தான். மனுசருக்கு வர எம்புட்டு வருசமோ, வருமோ வராதோ" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

நகானோ மூன்று தாள்களிலும் கையெழுத்துப் போட்டு, மாமாவையும் போடச் சொன்னார். மாமா தமிழில், முதலெழுத்தோடு, ஊர்ப் பெயரோடு போட்டார். பிறகு நகானோ புதுப் பொடிக்கான சீட்டை எழுத ஆரம்பித்தார். எழுதியதை மாமாவுக்குச் சொல்லச் சொன்னார். கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர் திராட்சைத் தோல், விற்பனைக்கு ஆகாது என்று கழித்தது. கடைசிச் சொல்லில் எனக்கு நாக்குத் தடுக்கியது. "சாரல் பட்ட பழம்னு எழுதுறாக மாமா" என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று என்னைத் தூக்கி வளர்த்தவருக்குத் தெரியாதா?

"கழிச்சதுன்னே இருக்கட்டும்த்தா" என்றார். "நம்பர் ஒன்னு நம்பர் ஒன்னுன்னு சொல்லித்தான் ஒன்னயக் கள்ளியாக்கப் பாத்தேன்."

வெளியே வந்ததும் என் செல்போனை வாங்கி, கொட்டகைக்குப் போட்டுத் தரச் சொன்னார். பவுன்தாய் எடுத்தது எனக்கே கேட்டது. சாரல் நிற்கவில்லை, நாளைக்குச் செவட்டைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியாச்சு என்றார்.

"அடிக்கச் சொல்லு. ரோட்டோரம் மொத வரிசையும் ரெண்டாவது வரிசையும் மட்டும் விட்டுறச் சொல்லு, சாரல்ல அடிபடட்டும்" என்றார் மாமா.

அந்தப் பக்கம் கத்துவது கேட்டது. மொத வரிசையா? பஸ்ஸுல போறவுக பூராம் பாக்குற வரிசையில செவட்ட விழுந்தா ஊரு என்ன சொல்லும்? யாரு கேட்டாலும் நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?

மாமா சாறு காய்ந்த சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். போனை வாய்ப்பக்கம் நெருக்கிப் பிடித்து, தெருவே கேட்கும்படி சொன்னார்.

"எங்க ஜெயாவுக்குன்னு சொல்லு."